கேட் தேர்வு: விடத் தெரிந்தால் பயம் குறையும்

ஐஐஎம் போன்ற கல்லூரிகளில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒரு கணக்கைத்தான். 2024 தேர்வுக்கு மொத்தம் 204 மதிப்பெண். அதில் 100-ஐத் தொடாதவர்களுக்கும் 99 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் சுமார் 99 சதவீதம் பேரை முந்திய இடம், கிடைத்தது. ஒரு கேள்வியையும் விடக்கூடாது என்று பள்ளியில் பழகிய நமக்கு இது மனதில் ஏறவே நாளாகும். ஏறிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பெங்களூரு அல்சூரில் தங்கி, வேலைக்குப் போய்க்கொண்டேதான் படித்தேன். வார நாட்களில் பெரிதாக எதுவும் ஓடாது. ஞாயிறு காலை மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வு, மதியம் முழுக்க அதை அலசுவது. தெரிந்தும் தப்பானவை, தெரியாதவை, தொட்டிருக்கவே கூடாதவை என்று பிரித்து எழுதுவேன். மூன்றாவதுதான் பொக்கிஷம். கோச்சிங் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்ப்பதால் உங்களுக்கு ஒரு மார்க்கும் ஏறாது. கடைசி மாதம் அதை மியூட்டில் போடுங்கள்.

மூன்று பிரிவுக்கும் தலா 40 நிமிடம். முடிந்த பிரிவுக்குத் திரும்ப முடியாது. ஆங்கிலம் சொதப்பினாலும் அடுத்த பிரிவு புதிதாகத் தொடங்குகிறது, இதை நமக்குச் சாதகமாகவே பாருங்கள். தரவு அலசலும் தர்க்கமும் சேர்ந்த டிஐஎல்ஆர் பிரிவில் கேள்விகள் செட் செட்டாக, ஒரே தகவலை வைத்து வரும். முதல் நாலைந்து நிமிடம் எல்லா செட்டையும் படிக்க மட்டும் செய்யுங்கள். தேர்வில் எனக்கு ஒரு அட்டவணை வந்தது. இரண்டு கட்டம் நிரம்பியது, மூன்றாவது நகரவே இல்லை. தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த செட்டுக்குப் போனேன். அப்படிக் கோடு போடும் தைரியம் மாக் டெஸ்ட்டில் பழகியதால் வந்தது. அப்புறம், விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. அவற்றைக் காலியாக விடாதீர்கள்.

பெங்களூருக்காரர்களுக்கு இன்னொன்று. தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ வழக்கமாகக் காலை 7 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். தேர்வு மூன்று ஸ்லாட்டாக, அதாவது மூன்று வேளையாக நடக்கும். உங்களுக்குக் காலை 8:30 ஸ்லாட் கிடைத்து, சென்டர் ஒயிட்ஃபீல்டு பக்கம் விழுந்தால் அதை நம்ப வேண்டாம். முந்தின நாளே வண்டிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். மூச்சிறைக்க ஓடி உட்கார்ந்தால் முதல் பத்தியே மண்டையில் ஏறாது.

வெளியே வந்ததும் வேறு ஸ்லாட்காரர்களோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். மூன்று ஸ்லாட்டின் கடினத்தையும் சமன்செய்துதான் பெர்சென்டைல் போடுகிறார்கள்.