எஸ்.எஸ்.பி. நேர்காணலில் 'பாரா எஸ்.எஃப்.' என்று சொல்வதற்கு முன்

பெங்களூரில் எஸ்.எஸ்.பி.க்கு (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தேர்வு) தயாராகும் நம் பையன்களிடம் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமல் சொல்வது பாரா எஸ்.எஃப்., அதாவது பாராசூட் ரெஜிமென்டின் சிறப்புப் படை. எனக்கும் அந்த ஆசைதான். அல்சூரில் நாங்கள் தங்கியிருந்த தெருவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாக் இன்டர்வியூ எடுப்பார். இந்தப் பதிலைச் சொன்னதும் மடக்குவார்: "தம்பி, உனக்கு கமாண்டோ ட்ரெய்னிங் வேணுமா, இல்ல அந்த யூனிட்ல காலம் தள்ளணுமா?"

இரண்டும் வேறு வேறு. பெலகாவியில் நடக்கும் கமாண்டோ கோர்ஸுக்குக் காலாட்படையின் இளம் அதிகாரிகள் போகிறார்கள். முடித்தால் குறுவாள் பேட்ஜ் கிடைக்கும். அப்புறம் அவரவர் பட்டாலியனுக்கே திரும்ப வேண்டியதுதான். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரராகவே இருப்பார். கற்றது வீணாகாது. காலாட்படை பட்டாலியன்களில் 'காதக்' என்று ஒரு தாக்குதல் பிளட்டூன் உண்டு. 1999இல் டைகர் ஹில் சண்டைக்காகப் பரம்வீர் சக்ரா பெற்ற யோகேந்திர சிங் யாதவ், 18 கிரனேடியர்ஸின் காதக் பிளட்டூனைச் சேர்ந்தவர். பாரா எஸ்.எஃப். அல்ல.

அமெரிக்கத் தரைப்படையிலும் இந்தக் குழப்பம் உண்டு. ரேஞ்சர் ஸ்கூல் என்பது இரண்டு மாதப் பயிற்சி. பசி, தூக்கமின்மை, மலை, சதுப்பு நிலம் எல்லாவற்றையும் தாண்டினால் தோளில் 'ரேஞ்சர் டேப்'. வேறு பிரிவுக்காரர்களும் போய் அதை வாங்கி வரலாம். 75ஆவது ரேஞ்சர் ரெஜிமென்டில் சேருவதற்கு அது போதாது. அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. பயிற்சிக்கு முடியும் தேதி ஒன்று உண்டு. யூனிட்டில் அப்படி எதுவும் இல்லை, சேர்ந்த பிறகும் தினமும் அளந்துகொண்டே இருப்பார்கள்.

நம் பாரா எஸ்.எஃப்.பும் அப்படித்தான். விருப்பத்தின் பேரில் போய், மாதக்கணக்கில் ப்ரொபேஷனில் தாக்குப்பிடிக்க வேண்டும். சரிப்படாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாராசூட் ரெஜிமென்டின் பயிற்சி மையம் பெங்களூரிலேயே இருப்பதால் ஊரில் மெரூன் தொப்பிகள் கண்ணில் படும். அந்தத் தொப்பி போட்டவர்கள் எல்லாரும் எஸ்.எஃப். என்று நினைக்காதீர்கள், எஸ்.எஃப்.காரர்கள் அணியும் 'பலிதான்' பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பாரா விங்ஸ் என்ற சிறகு பேட்ஜும் தனிக் கணக்கு. கௌரவ லெப்டினன்ட் கர்னலான தோனி 2015இல் ஆக்ராவில் ஐந்து முறை குதித்து அதை வாங்கினார். அது குதித்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். (ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் ரசிகன்தான்.)

நேர்காணலுக்கு வருகிறேன். எஸ்.எஸ்.பி.யில் யாரும் ரெஜிமென்ட் ஒதுக்குவதில்லை. அது பின்னால் ராணுவப் பயிற்சி அகாடமியில், உங்கள் விருப்பம், மெரிட், காலியிடம் மூன்றையும் வைத்து நடப்பது. அதனால் "எஸ்.எஃப். கிடைக்காவிட்டால்?" என்று அதிகாரி கேட்டால் உதட்டைப் பிதுக்காதீர்கள். என்னிடம் கேட்டார்கள். காலாட்படையில் ஒரு பிளட்டூன் கமாண்டர் அன்றாடம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: ஜவான்களின் துப்பாக்கிச் சுடும் பயிற்சி, ரோந்து, அவர்களுடைய லீவு, வீட்டுப் பிரச்சினை, சாப்பாடு. அதிலிருந்து பேச்சு நீண்டது, எஸ்.எஃப். பற்றி மறுபடி கேள்வியே வரவில்லை. மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். அவர் ராஜ்புத் ரெஜிமென்ட்காரர், 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்ற தீவிரவாத எதிர்ப்புப் பிரிவில் பணியாற்றியபோது 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்தார், அசோக சக்ரா பெற்றவர். அவரை எஸ்.எஃப். அதிகாரி என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பயிற்சி நேர்காணல்களில் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சியிலும் இந்த மயக்கம் வேண்டாம். யூடியூபைப் பார்த்து முதுகுப்பையில் செங்கல் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடும் சிலரை இன்றும் பார்க்கிறேன். எஸ்.எஸ்.பி.க்கு அது தேவையே இல்லை. சீரான ஓட்டம், புல்-அப்ஸ், கயிறு ஏறுதல், நல்ல தூக்கம் போதும். முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் மெடிக்கலில்தான் பிரச்சினை வரும்.