துணை நிறுவனத்தைப் பிரித்தபோது பேலன்ஸ் ஷீட்டில் நடந்தது

மாதவரத்தில் உள்ள ஒரு குடும்ப நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் இரு துணை நிறுவனங்களில் ஒன்றான சரக்குக் கிடங்கு நிறுவனத்தைத் தனியே பிரித்து, அதன் பங்குகள் முழுவதையும் எங்கள் பங்குதாரர்களுக்கே அவரவர் விகிதப்படி வழங்குவதென முடிவானது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்கீழ் தயாரான திட்டம், ராஜாஜி சாலையிலுள்ள தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொண்டார். கணக்கு என் மேசைக்கு வந்தது.

பங்கு கைமாறினால் பணம் வரும் என்றே இயக்குநர் ஒருவர் எண்ணியிருந்தார். இது விற்பனையன்று, பங்குதாரர்களுக்குச் செய்யும் பகிர்வு என்பதால் ஒரு ரூபாயும் வராது. பிரிவுக்கு முன்னும் பின்னும் கட்டுப்பாடு அதே குடும்பத்திடம் இருந்ததால், சந்தை மதிப்பைத் தேடாமல் ஏட்டு மதிப்பிலேயே பதிவு செய்தோம்.

எங்கள் நிறுவனத்தை மட்டும் காட்டும் தனிக் கணக்கில் பதிவு எளிது. முதலீடு 12 கோடி சொத்துப் பக்கத்திலிருந்து நீங்கியது. அதே தொகை, சேர்த்துவைத்த லாபமான ரிசர்வில் பற்றானது, அதாவது கழிந்தது. ஆனால் நிகர மதிப்பு 60 கோடியிலிருந்து 48 கோடியாகக் குறைய, வங்கிக் கடனோ 48 கோடியாகவே நின்றதால், கடனை நிகர மதிப்பால் வகுத்து வரும் கடன்–பங்கு முதல் விகிதம் 0.8-இலிருந்து 1 ஆனது. கடன் ஒப்பந்தத்தில் அந்த விகிதத்துக்கு உச்சவரம்பு உண்டு. வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே பெறச் சொன்ன ஆடிட்டரின் யோசனை இல்லையென்றால் திண்டாடியிருப்போம்.

உண்மையான வேலை, துணை நிறுவனங்களையும் சேர்த்து ஒரே நிறுவனம்போல் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில்தான் இருந்தது. அங்கே முதலீடு என்ற ஒற்றை வரி கிடையாது. கிடங்கு, வாகனங்கள், வரவேண்டியவை, கடன்கள் எல்லாம் வரிவரியாக நம் கணக்கோடு கலந்திருக்கும், அத்தனையையும் பிரித்தெடுக்க வேண்டும். துணை நிறுவனத்தின் நிகரச் சொத்து 30 கோடி என்பதால், எங்கள் 12 கோடியோடு, அது ஆண்டாண்டாகச் சேர்த்த 18 கோடி லாபமும் ஒருங்கிணைந்த ரிசர்விலிருந்து சென்றது. இதற்கு நேர்மாறாக, நாங்கள் அதற்குக் கொடுத்திருந்த 4 கோடி கடன், இதுவரை உள்விவகாரமாகக் கழிக்கப்பட்டு வந்தது, இப்போது வெளியாரிடமிருந்து வரவேண்டிய தொகையாகத் தலைகாட்டியது.

எளிதில் கண்ணுக்குத் தப்புவது உத்தரவாதம். துணை நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு நாங்கள் கையெழுத்திட்டிருந்தோம். அந்தக் கடனே ஒருங்கிணைந்த கணக்கில் இருந்தவரை தனியே சொல்லத் தேவையில்லை. கடன் வெளியேறிய பின், தனிக் கணக்கில் போலவே அங்கும் அந்த உத்தரவாதம் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி, அதாவது அவர்கள் கட்டத் தவறினால் மட்டும் எங்கள்மேல் விழக்கூடிய பொறுப்பு. வங்கி எங்களை விடுவித்து எழுத்துமூலம் கொடுக்கும்வரை அந்தக் குறிப்பு ஆண்டறிக்கையில் தொடரும்.