சோவியத் தலைக்கவசம்: முதலில் ரிவெட், பிறகுதான் முத்திரை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ, பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிக் கடைகளிலோ பச்சைச் சாயம் அடித்த எஃகுத் தலைக்கவசம் ஒன்று கண்ணில் பட்டால், "ரஷ்யாவுடையது, உலகப் போர் காலத்துச் சரக்கு" என்ற பேச்சோடு விலையை நிர்ணயிக்க விடாதீர்கள். எஃகு ஓட்டுக்கு ஒரு வயது, அதற்குள் தலையைத் தாங்கும் உறையான லைனருக்கு ஒரு வயது, மேலே உள்ள சாயத்துக்கு இன்னொரு வயது. மூன்றும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

வடிவத்தை வைத்துப் பிரிப்பது எளிது. எஸ்எஸ்எச் என்பது சோவியத் எஃகுத் தலைக்கவச மாதிரிகளின் பெயர்; கூடவே வரும் எண் மாதிரியின் ஆண்டு. எஸ்எஸ்எச்-36 என்றால் பக்கங்கள் அகலமாக வெளியே விரிந்திருக்கும். உச்சியில் காற்றுத் துளையை மூடிய சிறு கொண்டை இருக்கும். எஸ்எஸ்எச்-39இல் கொண்டை போய்விட்டது, பக்கங்கள் ஒடுங்கிவிட்டன. எஸ்எஸ்எச்-40இன் ஓடும் அதே வடிவம்தான். 60இன் ஓடும் ஏறக்குறைய அதுவே, லைனர்தான் மாறியது. 1968இல் வந்த எஸ்எஸ்எச்-68இல் நெற்றிப் பகுதி இன்னும் சரிவாக இறங்கும்; விளிம்பு குட்டையானது. பக்கவாட்டில் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் 40க்கும் 68க்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் தெரியாது. இணையத்தில் வாங்குகிறவர்கள் பக்கவாட்டுப் படம் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

39ஐயும் 40ஐயும் பிரிப்பது ரிவெட்தான், அதாவது லைனரை ஓட்டோடு பிணைக்கும் தட்டையான ஆணி. 39இல் மூன்று ரிவெட்டுகள், ஓட்டின் மேல்பாதியை ஒட்டி இருக்கும். 40இல் ஆறு, கீழ் விளிம்புக்குச் சற்று மேலே வரிசையாக இருக்கும். காரணம் உள்ளே இருக்கிறது: 40இன் லைனர் மூன்று இதழ்களாலானது. இதழுக்கு இரண்டு வீதம் ஆறு ரிவெட். இதழ்கள் ரெக்சின் போன்ற துணி, பின்னால் பஞ்சு, உச்சியில் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும் நூல்கயிறு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய 39 ஓடுகள் சில பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டு, கீழே ஆறு துளை போடப்பட்டு, 40 லைனரோடு மறுபடி புழக்கத்துக்கு வந்தன. ஆறு ரிவெட்டை எண்ணியதும் "இது 40" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். விரலை மேல்பாதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடைத்த துளை சிறு மேடாகவோ பள்ளமாகவோ தட்டுப்படும். சாயம் தடித்திருந்தால் டார்ச் விளக்கை ஓட்டோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் நிழல் காட்டிக் கொடுக்கும். இத்தகைய தலைக்கவசத்தை மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். அது ராணுவக் கிடங்கின் உண்மையான வரலாறு. 40இன் பெயரில் விற்காமல் இருந்தால் போதும்.

ரிவெட் தலையையும் கவனியுங்கள். ஓட்டின் சாயமே தலைமீதும் விரிசல் இல்லாமல் தொடர்ந்தால் லைனர் பொருத்திய பிறகு சாயம் அடித்திருக்கிறார்கள். தலை பளபளப்பாக, சுற்றிலும் வட்டமாகச் சாயம் பெயர்ந்து இருந்தால் லைனர் சமீபத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். உள்பக்கமும் பாருங்கள்: ரிவெட்டின் பழைய வளையம் (வாஷர்) உட்கார்ந்த தடம் ஒரு இடத்திலும், இப்போதைய வளையம் வேறு இடத்திலும் இருந்தால் சந்தேகம் உறுதி.

பிறகுதான் முத்திரை. உட்புறப் பின்விளிம்பில் ஆலைக் குறி, அளவு எண், ஆண்டு ஆகியவை மையிலோ அச்சிலோ இருக்கலாம். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: ஸ்டாலின்கிராடின் சிவப்பு அக்டோபர் ஆலையின் குறி, ரஷ்ய எழுத்தில் நம் கண்ணுக்கு எண் 3 போலத் தெரியும் எழுத்தில் தொடங்குகிறது. அதை அளவு எண்ணாக எடுத்துக்கொண்டால் ஆலையும் தவறும், அளவும் தவறும். போர்க்காலத்தில் பெரும்பங்கைச் செய்தது யூரல் பகுதியில் உள்ள லிஸ்வா ஆலை, ஒரு கோடிக்கும் மேல். அதனால் லிஸ்வா முத்திரை மட்டும் இருப்பதால் அது அரிய பொருளாகிவிடாது. சாயம் முத்திரையை மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம், மை சாயத்தோடு சேர்ந்து போய்விடும்.

ஹங்கேரியின் எம்50, போலந்தின் 50ஆம் மாதிரி, செக்கோஸ்லோவாக்கியாவின் 53ஆம் மாதிரி, மூன்றும் 40இன் சாயலில் வந்தவை. லத்தீன் எழுத்தில் முத்திரை இருந்தால் அது சோவியத் ஆலை இல்லை. முத்திரையே இல்லாதபோது தாடைப் பட்டையும் லைனரும்தான் சாட்சி. இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

நெற்றியில் தகதகக்கும் சிவப்பு நட்சத்திரத்துக்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னாளில் வரைந்த நட்சத்திரங்கள் ஏராளம். நட்சத்திரத்தின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். ஓட்டில் உள்ள கீறல் நட்சத்திரத்துக்கு அடியில் புகுந்து, நட்சத்திரம் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தால், அது கீறலுக்குப் பிறகு வந்தது. ஸ்ப்ரே டப்பாச் சாயமா என்று சோதிக்க, லைனருக்குப் பின்னால் மறைந்த இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியை லேசாக வைத்துப் பார்க்கலாம். அக்ரிலிக் சாயம் சட்டென்று இளகிப் பஞ்சில் ஒட்டும். முத்திரைக்குப் பக்கத்தில் மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

வாங்கிய பிறகு நம் ஊர் ஈரம்தான் எதிரி. இதழ்களுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெளியே சுத்தமாகத் தெரியும் ஓடு அந்த இடத்தில் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது துருவை வரவேற்பதுதான். காற்றோட்டமான அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள். லைனரில் எண்ணெயோ துருநீக்கி ஸ்ப்ரேயோ படவே கூடாது; ரெக்சின் இளகிப் பிசுபிசுத்துவிடும். பூஞ்சை தெரிந்தால் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்களுக்கு: எஃகுத் தலைக்கவசம் மலேசியாவில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். பழைய பொருள், அலங்காரத்துக்கு என்று படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது. பணம் கட்டும் முன்பே சுங்கத் துறையிடம் எழுத்தில் கேட்டு, எந்த அனுமதி தேவை, யார் தருகிறார்கள் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.