லேமினேட் செய்யாத கார்டு

2 ஜூன் 2025

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் 12 நாள். விசைப்படகு எல்லாம் நிற்கும்போது பாம்பனில் எந்தக் கடைக்கும் வியாபாரம் கம்மிதான், ஆனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்ததால் ஜெராக்ஸுக்குக் கொஞ்சம் கூட்டம். பதினோரு மணி வாக்கில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கையில் பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், அதோடு ஒரு பழைய போஸ்ட் கார்டு. மூன்றையும் லேமினேட் பண்ணிக் குடு தம்பி என்றார்கள். முதல் இரண்டையும் மெஷினில் விட்டுவிட்டுக் கார்டைத் திருப்பிப் பார்த்தேன், மெஷினை அணைத்துவிட்டேன்.

வலது மூலையில் அச்சடித்த 5 நயா பைசா தபால்தலை. அதன் மேல் வட்ட முத்திரை, முதல் எழுத்தில் மட்டும் மை படவில்லை, மற்றபடி பளிச்சென்று தனுஷ்கோடி. 9 ஜூலை 1962.

முப்பது வருஷமாகத் தபால்தலை சேர்க்கிறேன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தனுஷ்கோடி முத்திரையை நான் கையில் தொட்டது இன்றைக்குத்தான். லேமினேட் செய்தால் சூட்டில் பசை காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிடும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "எங்க அப்பா எழுதுனது தம்பி, எழுத்து மங்கிக்கிட்டே போகுது, அதான்" என்றார்கள். இரண்டு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, ஒரு பிரிண்ட் போட்டு அதை லேமினேட் செய்து கொடுத்தேன். அசல் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

3 ஜூன்

ராத்திரி ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தபால்தலைகள் வந்தபோது தபால் எப்படியெல்லாம் போகிறது என்பதையே படமாகப் போட்டார்கள். 2 அணாவில் தபால் ஓட்டக்காரர், அப்புறம் மாட்டு வண்டி, குதிரை வண்டி, ஒட்டகம், 4 அணாவில் ரயில், 6 அணாவில் கப்பல், 8 அணாவில் லாரி, 12 அணாவில் விமானம். என்னிடம் முழு வரிசை கிடையாது. ரயிலும் கப்பலும் இருக்கின்றன, வரிசைப்படி வைக்காமல் அந்த இரண்டையும் தனிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் ரயிலும் கப்பலும் சேர்ந்த எங்கள் போட் மெயில் அதுதான். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது, மார்ச் 1 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் கொழும்புக்குத் தூத்துக்குடியிலிருந்துதான் கப்பல். சென்னையில் ரயிலேறிய தபால் பை தனுஷ்கோடியில் இறங்கி, கோஷன் கப்பலிலோ இர்வின் கப்பலிலோ ஏறி, அந்தக் கரையில் மறுபடி ரயிலேறும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன அந்த மெயிலிலிருந்து பேப்பர் கட்டுகளை வீசிவிட்டுப் போவார்கள், அதை எடுத்து வீடு வீடாகப் போட்ட சிறுவன்தான் அப்துல் கலாம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடியே போயிற்று. இப்போது அங்கே போகிறவர்கள் போஸ்ட் ஆபீஸ் இருந்த இடம் என்று ஒரு மொட்டைச் சுவரைப் போட்டோ எடுக்கிறார்கள். நானும் பல முறை போய் நின்றிருக்கிறேன். ஆனால் அந்தக் கார்டைக் கையில் பிடித்தபோது புரிந்தது அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நாளும் புரிந்ததில்லை. தனுஷ்கோடியில் இருந்த காகிதத்தையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது, எவனோ ஐந்து காசுக்குக் கார்டு வாங்கி எழுதிப் பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்பியது மட்டும்தான் மிச்சம்.

8 ஜூன்

போய்விட்டு வந்தேன். அந்த அம்மாவின் அப்பா தனுஷ்கோடி கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர். 1962இல் அவர் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தேவிபட்டினத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். கார்டில் மொத்தம் ஏழு வரிதான், காப்பியிங் பென்சிலில் எழுதியது, ஈரம் பட்ட இடத்தில் மட்டும் ஊதா நிறத்தில் ஊறியிருக்கிறது. கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, நேற்று கப்பல் லேட், ரூபாய் பத்து மணியார்டர் செய்திருக்கிறேன். கடைசி வரி: "பெண் பிறந்தால் என் ஆத்தா பெயரை வைக்கவும், மறக்க வேண்டாம்."

பெண்தான் பிறந்தது, அதுதான் இந்த அம்மா. ஆனால் வைத்தது தாய்வழிப் பாட்டியின் பெயர். "கார்டு வந்தும் வேணும்னே மாத்தி வச்சுட்டாங்கன்னு அப்பா சாகுற வரைக்கும் சொன்னாரு. ஞானஸ்நானம் முடிஞ்சப்புறம்தான் கார்டே வந்துச்சுன்னு அம்மா சொல்லும். அங்கேருந்து தேவிபட்டினத்துக்கு ஒரு நாள் தபால், இதுக்கு ஒரு வாரமா ஆகும்பாரு." சண்டை என்று இல்லை, ஆனால் கோயில் திருவிழா, நல்லது கெட்டது என்று வீட்டில் நாலு பேர் கூடினால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடுமாம். புயலுக்கு முந்தின மாசமே பிழைப்புக்கு மண்டபம் வந்துவிட்டதால் ஆள் தப்பித்தது, வீடும் சாமானும் போய்விட்டன. இப்போது இரண்டு பேருமே இல்லை.

நான் ஞானஸ்நானத் தேதி கேட்டேன். சர்டிபிகேட் இருந்தது. பிறந்தது ஜூலை 11, ஞானஸ்நானம் ஜூலை 15.

கார்டு இருந்த தகரப் பெட்டியில் அந்துருண்டை கிடந்தது, எடுக்கச் சொன்னேன். இந்தக் கடற்காற்றில் காகிதத்துக்கு ஈரம்தான் எமன், பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தால் நிற்காது. என் ஆல்பத்திலேயே இலங்கைப் பக்கம் முழுக்கப் புள்ளி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாசத்துக்கு ஒரு முறை அதை வறுத்துப் போட்டும்கூட.

10 ஜூன்

அந்தக் காலத்தில் போய்ச் சேர்ந்த ஊரிலும் தேதி முத்திரை குத்துவார்கள். கார்டின் இடது பக்கம் காபியோ தேநீரோ கொட்டிய கறை, அதற்குள் ஏதோ இருப்பது தெரிந்தது, கண்ணால் படிக்க முடியவில்லை. ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் போட்டு சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிற அடுக்கை) மட்டும் தனியாகப் பார்த்தேன், பழுப்புக் கறை அப்படியே வெளுத்து, கறுப்பு மை தங்கியது.

ஒன்று இல்லை, இரண்டு முத்திரை.

ஒன்று தேவகோட்டை, 13 ஜூலை. அதன் மேல் பாதி ஏறினாற்போல இன்னொன்று தேவிபட்டினம், 16 ஜூலை.

விலாசத்தை மறுபடி பார்த்தேன். அவர் ஊர்ப் பெயரை முழுசாக எழுதவில்லை. "தேவ." என்று போட்டு, வி-யின் சுழியை விட்டுவிட்டு, கீழே ராமநாதபுரம் ஜில்லா என்று எழுதியிருக்கிறார். தேவகோட்டை அப்போது ராமநாதபுரம் ஜில்லாதான். கார்டு அங்கே போய் ஊரெல்லாம் ஆள் தேடித் திரும்பியிருக்கிறது. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதைக் காலண்டரில் சரிபார்த்தேன். ஞானஸ்நானத்துக்கு மறுநாள்தான் கார்டு வந்திருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது பதுளையிலிருந்து சின்னத் தாத்தா எழுதிய கடிதம் ஒரு கட்டு இருந்தது. தலை உள்ள மூலையை மட்டும் கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு, உறையையெல்லாம் அடுப்பில் போட்டேன். இலங்கை என்று தமிழில் அச்சடித்த அந்தத் தலைகள் ஆல்பத்தில் இருக்கின்றன, எந்த நாளில் எந்த வழியாக வந்தன, எந்த ஊரில் எத்தனை நாள் கிடந்தன என்பது போய்விட்டது. புதிதாகச் சேர்க்கிற பிள்ளைகள் கடைக்கு வந்தால் முதலில் இதைத்தான் சொல்கிறேன், உறையோடு வை, கிழிந்திருந்தாலும் உறையோடு வை.

15 ஜூன்

நள்ளிரவே தடை முடிந்தது, காலையிலிருந்து ஜெட்டியில் ஐஸ் வண்டியும் சத்தமும். சென்னையிலிருந்து வரவழைத்த மைலார் பிளாஸ்டிக் உறையை எடுத்துக்கொண்டு பூசை முடிகிற நேரத்துக்குப் போனேன் (பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாக மையை இழுத்துவிடும்). கார்டை உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, பெரிதாக்கிய முத்திரைப் படத்தைப் பக்கத்தில் வைத்து, இது தேவகோட்டை, இது தேவிபட்டினம், இது தேதி என்று விரல் வைத்துக் காட்டினேன்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு என்ற எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார்கள். உள்ளே போய் சர்டிபிகேட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்கள். அப்புறம் அந்தப் படத்தை என் பக்கம் நகர்த்தினார்கள்.

"இதை மட்டும் லேமினேட் பண்ணிக் குடு தம்பி."