உரம் ஊற்றியும் இரும்பு பூஜ்யமா?

செடி வைத்த மீன்தொட்டிக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "நேற்றுத்தான் இரும்பு உரம் ஊற்றினேன், டெஸ்ட் கிட்டில் நிறமே வரவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" வேண்டாம். கிட்டின் கண்ணில் படவில்லை என்பதற்காகத் தண்ணீரில் இரும்பே இல்லை என்று ஆகிவிடாது.

இந்தச் சோதனைகளில் பலவற்றில் முதலில் ஓர் ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுக்கும் மருந்து) ஃபெரிக் இரும்பை (Fe³⁺) ஃபெரஸாக (Fe²⁺) மாற்றும், அப்புறம் நிறம் தரும் மருந்து அதைப் பிடிக்கும். ஃபெனாந்த்ரோலின் என்றால் ஆரஞ்சுச் சிவப்பு, 510 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்போம். ஃபெரோசின் என்றால் ஊதா, 562. இரும்பு தனியாகக் கரைந்திருந்தால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் வெறும் இரும்பு உப்பைத் தொட்டியில் போட்டால் துருவாகப் படிந்துவிடும் என்பதால்தான் ஈடிடிஏ, டிடிபிஏ மாதிரி கிலேட்டுகளோடு (இரும்பைச் சுற்றிப் பிடித்துக் கரைந்தபடியே வைக்கும் சேர்மங்கள்) கட்டி விற்கிறார்கள். ஈடிடிஏ ஃபெரஸை விட ஃபெரிக்கைப் பல கோடி மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். ஃபெரஸாக மாறிவிட்டால் பிடி தளர்ந்துவிடும், ஆனால் அப்படி மாறவிடாமல் தடுப்பதும் அதே பிடிதான். டிடிபிஏ இன்னும் மோசம்.

அதனால் கிட் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் லேசான நிறம் இருக்கும், குழாயை அப்படியே வைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் கூடியிருக்கும். ஜன்னலோரம் வைத்தால் இன்னும் சீக்கிரம் ஏறலாம், ஏனென்றால் வெளிச்சம் பட்டாலே இரும்பு-ஈடிடிஏ உடைந்து ஃபெரஸ் வெளியே வரும். நிறம் ஏறிக்கொண்டே போனால் கிலேட்டைச் சந்தேகப்படுங்கள்.

இடிடிஹெச்ஏ என்ற இன்னொரு கிலேட் உள்ள உரம் நேர் எதிர். அதற்கே கருஞ்சிவப்பு நிறம். மருந்து சேர்க்காத அதே தண்ணீரை ஒப்பீட்டுக்கு வைக்காமல் பார்த்தால் உரத்தின் சிவப்பையும் சேர்த்துப் படித்துவிடுவீர்கள்.

ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒடுக்கியாக ஹைட்ராக்சிலமீனும் சேர்த்துக் கொதிக்க வைத்து, பிஎச்சை 3 பக்கம் கொண்டுவந்த பிறகுதான் ஃபெனாந்த்ரோலின் ஊற்றுவோம். அமிலத்தில் புரோட்டான்கள் ஈடிடிஏவின் கைகளை அடைத்துக்கொள்வதால் இரும்பின் மேல் உள்ள பிடி குறையும். ஈடிடிஏ அளவுக்கு மீறி இருந்தால் இதுவும் போதாது. அமிலத்தில் செரித்துவிட்டு, முடிந்தால் மாதிரியைச் சுடரில் தெளித்து இரும்பை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியில் பார்ப்பதே நல்லது, அந்தச் சுடரின் முன் எந்தக் கிலேட்டும் நிற்காது.

வீட்டில் இதெல்லாம் நடக்காது, சரி. ஆர்ஓ தண்ணீரில் உங்கள் உரத்தையே கலந்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இரும்பு வரும்படி செய்து, அதைக் கிட்டில் சோதியுங்கள். 0.1 என்று காட்டினால், அந்த உரத்துக்கு அந்தக் கிட் லாயக்கில்லை.