போர் தண்ணீரில் ஒரு கறுப்பு ஸ்கார்ப்பியோ

வேலூரில் வண்டி கழுவுகிறவன் அழுக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அழுக்கு எப்படியும் போய்விடும். போகாமல் உட்கார்ந்துகொள்வது தண்ணீர்தான். பாகாயம் பக்கம் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) விட்டால் 1,100-ஐத் தாண்டிக் காட்டுகிறது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அதெல்லாம் குடிக்கிறவர்களுக்கான சலுகை. வெயிலில் காயும் கறுப்பு பானெட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளை வட்டமாக அங்கேயே நின்றுவிடும்.

வண்டி மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என், டீசல், ஃபோர் வீல் டிரைவ். 4,662 மி.மீ. நீளம், 1,917 மி.மீ. அகலம். எங்கள் போர்ட்டிகோவில் நுழைத்தால் ஒரு பக்கக் கதவைத்தான் திறக்க முடியும். அதனால் கழுவுவதெல்லாம் வாசலில், தெருவை ஒட்டித்தான். வாட்டர் சர்வீஸில் விட்டால் கொஞ்ச நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள், சரி. ஆனால் முன்னால் வந்த டிப்பர் லாரியைத் துடைத்த அதே துணி அடுத்து என் வண்டிக்கு வரும். சாலைப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல், பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைவிடக் கடினமானது. அதைத் துணியில் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கறுப்பு முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போலச் சன்னக் கீறல்கள்.

மழை விட்டதும் ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோம். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, உள் கிராமங்களுக்குப் போகும் மண் பாதைகளில் சுற்றி, காவலூர், ஆலங்காயம் பக்கமாக இறங்கினோம். வண்டியின் இடுப்புக்குக் கீழே கறுப்பு என்ற நிறமே தெரியவில்லை, எல்லாம் செம்மண். பக்கவாட்டில் உண்ணிச்செடியும் சீமைக் கருவேல முள்ளும் போட்ட கோடுகள். இந்த முறை எல்லாவற்றையும் வீட்டிலேயே முழுசாகச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் ஞாயிறு முழுக்க அடிப்பாகத்துக்கே போய்விட்டது. சேஸ் (அடிச்சட்டம்) மேல் நிற்கும் வண்டிக்கு உண்மையான வேலை கீழேதான். பாடி பளபளப்பது பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க; சேஸில் ஒட்டிய சேறோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவுக்கு வழி விடும். காய்ந்த செம்மண்ணை எடுத்தவுடன் பிரஷர் வாஷர் கன் வைத்து அடித்தால் மேல்தோல் மட்டும் போகும், உள்ளே கட்டி அப்படியே நிற்கும். அதனால் தோட்டத்துக்குப் போடும் சுழலும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் தள்ளி, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி ஊற விட்டேன். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கட்டிகள் தானாக விழ ஆரம்பித்தன. அப்புறம்தான் பிரஷர் வாஷர். வீட்டு உபயோக மெஷின்தான், நூறு பார் சொச்சம் அழுத்தம், அது தாராளமாகப் போதும்.

மண் ஒளிந்துகொள்ளும் இடங்களைத் தேடுவதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வீல் ஆர்ச்சுக்குள் பிளாஸ்டிக் லைனரின் மடிப்பு, முன் பம்பரின் பின்பக்கம், ஃபுட் போர்டைத் தாங்கும் பிராக்கெட்டுகள், பின்னால் வாட்ஸ் லிங்கேஜ் (பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பிகள்) இருக்கும் இடம். ஆனால் எல்லாவற்றையும்விட சேஸின் நெடுஞ்சட்டம்தான் ஏமாற்றுக்காரன். அது உள்ளே காலியான பெட்டி போன்றது, அங்கங்கே துளைகள் இருக்கும். ஒரு துளையில் தண்ணீர் விட்டதும் இரண்டடி தள்ளி இன்னொரு துளையிலிருந்து செந்தண்ணீர் கொட்டியது. தெளிந்துவிட்டது என்று நினைத்து நகர்ந்தால் மறுபடி சிவப்பு. தெளிந்து வரும்வரை விடாமல் அடிக்க வேண்டியிருந்தது. ரேடியேட்டர் தகடுகள் மெல்லியவை, கன்னை நேராகக் காட்டினால் மடங்கிவிடும், அங்கே சாதாரண ஹோஸ்தான். வயர் கனெக்டர்கள், ரப்பர் பூட், டிஃபரன்ஷியல் காற்று வாங்கும் பிரீதர் குழாய் பக்கமும் கன்னைக் கொண்டுபோகவில்லை.

கழுவி முடித்ததும் சேஸுக்கு வேஸ்ட் ஆயில் அடிக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மினரல் ஆயில் பட்டால் ரப்பர் புஷ் ஊதிப்போய்ச் சீக்கிரம் கெடும். போதாததற்கு அடுத்த பயணத்தின் புழுதி முழுவதையும் அந்த ஆயில் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய விட்டு, துளைகள் வழியாகக் கேவிட்டி வேக்ஸ் (உள்ளே துரு பிடிக்காமல் காக்கும் மெழுகு) விடுவதுதான் சரி.

வீல்களுக்கு அடுத்த ஞாயிறு. வண்டி ராத்திரியே வந்து நின்றுவிட்டதால் பிரேக் டிஸ்க் குளிர்ந்திருந்தது. சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலாய்க்கு அயர்ன் ரிமூவர் அடித்தேன். பிரேக் பேடிலும் டிஸ்க்கிலும் தேய்ந்து பறந்த இரும்புத் துகளைத் தொட்டதும் அது கத்தரிப்பூ நிறத்தில் வழியும். பார்க்க வேடிக்கைதான், நாற்றம் மட்டும் தாங்காது. அதில் இருப்பது பார்லரில் முடி சுருட்டும் மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனம். எங்கள் தெரு முழுக்க அன்று காலை ஒரு மாதிரிதான் இருந்தது.

பாடி வாஷுக்கு வெளிச்சம் வந்ததும் இறங்கிவிட வேண்டும். வேலூர் வெயில் தை மாதத்தில்கூட ஒன்பது மணிக்கு மேல் பொறுமை காட்டாது. சித்திரையில் கேட்கவே வேண்டாம், அந்தத் தகட்டில் ஷாம்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நான் செய்தது மார்கழியில், அதனால் வெயில் பிரச்சினை இல்லை, கோலம் பிரச்சினை வந்தது. எதிர்வீட்டு அக்கா புள்ளி வைத்துக்கொண்டே, "தம்பி, ஒன் வண்டித் தண்ணி என் கோலத்துக்குத்தான் வருது, பாத்துக்க" என்றார். ஒரு சாக்கைச் சுருட்டி அணைபோட்டு, தண்ணீரை எங்கள் வீட்டு வேப்பமரத்துப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இரண்டு பக்கெட் முறைதான். ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் மண் தங்குவதற்குச் சல்லடைத் தட்டு. முதலில் வெறும் தண்ணீரில் புழுதியை இறக்கி, ஃபோம் அடித்து ஊற விட்டு, பிறகு மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாக. ரூஃபுக்கு ஸ்டூல் வேண்டும். ஃபுட் போர்டில் ஏறி நின்றால் பெல்ட் பக்கிள் கதவில் உரசும் என்பதால் லுங்கிதான் இதற்குச் சரியான உடுப்பு. கதவின் கீழ்ப்பகுதிக்கும் பம்பருக்கும் தனிக் கையுறை. உப்புத் தண்ணீரில் நுரை கெட்டியாக வராது, வீடியோவில் காட்டுவதுபோல வண்டி முழுக்கப் பனி மூடியதாகவெல்லாம் நமக்கு ஆகாது. அதற்காக ஷாம்புவை இரட்டிப்பாக ஊற்றுவது வீண். பாத்திரம் கழுவும் லிக்விடும் வேண்டாம், மேலே இருக்கும் வேக்ஸையும் சேர்த்து வழித்துவிடும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது. கழுவுவதற்கு போர் தண்ணீரே போதும், கடைசி அலசல் மட்டும் அதில் இருக்கக் கூடாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரைச் சேர்த்து வைக்கச் சிலர் சொல்கிறார்கள். நல்ல தண்ணீர் வடிந்தபின் மிஞ்சும் உப்பு அது, போரைவிட மோசம். எனக்கு வழி காட்டியது மொட்டை மாடிதான். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா போட்ட குழாய் இன்னும் இருக்கிறது. முதல் மழையில் மாடி அலசிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்து வந்ததைத் துணி கட்டிய டிரம்மில் பிடித்தேன். மீட்டர் 30-ஐக்கூட எட்டவில்லை. துணியை இறுக்கிக் கட்டவில்லை என்றால் கொசுவும் நம்மோடு சேர்ந்து குடித்தனம் நடத்தும்.

அந்தத் தண்ணீரைப் புதிதாக வாங்கிய மருந்து அடிக்கும் ஸ்பிரேயரில் ஊற்றி, பம்ப் அடித்து, ரூஃபிலிருந்து மெதுவாக வழிய விட்டேன். ஸ்பிரேயர் புதிதாக இருப்பது முக்கியம், பூச்சி மருந்து தொட்ட டேங்க் கூடாது. இவ்வளவு பெரிய வண்டிக்கே இரண்டு குடம் மழைத் தண்ணீர் தாங்கியது. அதன்பின் கெட்டியான டவலை விரித்துப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஷாமித் தோலை நான் நிறுத்திவிட்டேன். ஒரு மண் துகள் அடியில் மாட்டினால் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, பெயின்ட்டில்தான் உழும். மைக்ரோஃபைபரின் இழைகளுக்குள் அது போய்விட வாய்ப்பிருக்கிறது. சைடு மிரர், ரூஃப் ரெயில், டிக்கியின் நம்பர் பிளேட் விளக்கு, இவற்றிலிருந்து அரை மணி கழித்தும் சொட்டு வரும். அந்த ஒரு சொட்டுதான் மறுநாள் வெள்ளைக் கோடாக நிற்கும், அதனால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி துடைத்தேன். பிரேக்கும் காய்ந்தது.

முன்பே படிந்திருந்த வட்டங்களுக்கு வெள்ளை வினிகரும் மழைத் தண்ணீரும் சரிபாதி. துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து, காய விடாமல் அலசினால் கார்பனேட் கரைந்துவிடும். சில கேட்கவில்லை, அவை கிளியர் கோட்டையே கடித்திருக்கின்றன.

பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டிக்கொண்டு கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தெரிந்தது அப்போது நறநறக்கும். தார், இரும்புத் தூள், மரப்பிசின் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். வழுக்கும் லிக்விட் அடித்து, க்ளே பாரால் (இவற்றைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்து எடுத்தேன். பெங்களூர் ஹைவேயில் ஓடும் வண்டிக்கு முன்பக்கம் மட்டும் க்ளே நான்கு மடிப்பு கறுத்துப் போனது. ஒரு எச்சரிக்கை: க்ளே தரையில் விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. எடுத்துத் துடைத்துப் பயன்படுத்த ஆசை வரும், வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனக் குங்குமப் பொட்டு பானெட்டில் இன்னும் தங்கியிருந்தது. மஞ்சள் கறை வெயிலிலேயே வெளுத்துவிடும், கடைக் குங்குமத்தில் சேர்க்கும் சாயம்தான் பிடிவாதம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பெரும்பகுதி வந்தது, மீதி பாலிஷில் போனது. அடுத்த வருஷம் பொட்டை நம்பர் பிளேட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை.

பாலிஷில் அடக்கி வாசித்தேன். கிளியர் கோட் என்பது பொதுவாக 40, 50 மைக்ரான்தான், ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் எடுக்கும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் பாலிஷ் மெஷின்) மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், அவ்வளவே. வலைக் கீறல்கள் பெரும்பாலும் மறைந்தன. நகம் மாட்டுகிற அளவு ஆழமான கருவேல முள் கோடுகளை அப்படியே விட்டுவிட்டேன். மலைக்குப் போகிற வண்டிக்கு அது இருக்கட்டும், அடுத்த முறை பக்கத்திலேயே இன்னொன்று விழத்தான் போகிறது.

அதற்கு மேல் என்ன பூசுவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கோட்டிங் விற்பவர்கள் எல்லோரும் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். மழைத் தண்ணீர் ஊருக்கு அது அழகு. போர் தண்ணீர் ஊரில் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் பொட்டு. தண்ணீர் நிற்காமல் தகடாக வழிந்து ஓடும் வகை சீலன்ட்டாக (பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) தேடி வாங்கினேன். கார்னாபா என்ற பனை வகை மெழுகால் ஆன வேக்ஸ் தரும் ஆழமான கறுப்பு இதில் இல்லைதான். அந்த வேக்ஸ் நம் கோடையில் சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

உள்ளே வேலை சுலபம், சீட்டைத் தவிர. ரப்பர் மேட்டில் செம்மண், சீட் ரெயிலில் வேர்க்கடலைத் தோல், பின் சீட்டில் ஆம்பூர் பிரியாணி வாசனை. வேக்குவமும் பழைய பெயின்ட் பிரஷும் போதும். சீட்டுக்கு லெதர் கண்டிஷனர் வாங்கிவைத்திருந்தேன். மச்சான் ராணிப்பேட்டையில் தோல் ஃபினிஷிங் யூனிட்டில் வேலை பார்ப்பவன். டப்பாவைப் பார்த்ததும் சிரித்தான். "மாமா, இதுக்கு எதுக்கு எண்ணெய்? இது தோலே இல்ல" என்று சீட்டின் அடி ஓரத்தைப் புரட்டிக் காட்டினான். பின்பக்கம் துணி நெசவு தெரிந்தது. தோலாக இருந்தால் நார் நாராக இருக்குமாம். கம்பெனியும் அதை லெதரெட் என்றுதான் போட்டிருக்கிறது, நான்தான் யோசிக்கவில்லை. நிஜத் தோல் சீட்டாக இருந்தாலும் இப்போது வருபவற்றில் பெரும்பாலும் மேலே நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும், எண்ணெய் உள்ளே இறங்காது, அழுக்கைத்தான் பிடிக்கும் என்றான். லேசான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், ஈரத்துணி. கண்டிஷனர் இப்போது அவனுடைய செருப்புக்குப் போகிறது.

மீதி இருப்பது பின் கண்ணாடி. வைப்பர் துடைக்காத மூலைகளில் வினிகருக்கும் மசியாத உப்புப் படலம் ஒன்று இருக்கிறது. கண்ணாடியைப் பாலிஷ் போடும் சீரியம் ஆக்சைடு பவுடர் வாங்கியிருக்கிறேன். அதைக் குழைத்து ஃபெல்ட் பேடில் தேய்க்க வேண்டும், கண்ணாடி சூடாகாமல் நடுநடுவே தண்ணீர் தெளித்துக்கொண்டே. முதலில் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் முன் கண்ணாடிக்கும் போவேன்.