அண்ணனோட லிவர்: ஆஸ்பத்திரி நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

வருஷக்கணக்கா குடிச்சிட்டு வந்த அண்ணன இன்னைக்கு அட்மிட் பண்ணிட்டோம். கண்ணு மஞ்சளா இருக்குன்னு அண்ணி போன வாரமே சொன்னாங்க, இவர் தூக்கம் பத்தல அதான்னு சமாளிச்சுட்டே இருந்தார், காலைல பேன்ட் பட்டன் போட முடியல, வயிறு அவ்ளோ உப்பியிருக்கு ஆனா கையும் தோளும் வத்திப் போச்சு. டாக்டர் கணுக்கால்ல விரல வெச்சு அழுத்திட்டு எடுத்தார், குழி அப்படியே நின்னுச்சு. ஸ்கேன் பாத்துட்டு லிவர் சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப் போச்சு, வயித்துல தண்ணி கோத்திருக்குன்னு சொல்லிட்டார்.

"எனக்கு அங்க ஒருநாள்கூட வலிச்சதே இல்லையே டாக்டர்"னு கேட்டார் அண்ணன். அதாங்க இந்த நோயோட பெரிய ஆபத்தே. லிவருக்குள்ள வலி தெரியற நரம்பு கிடையாது, மேல இருக்கற உறை இழுபட்டாதான் ஏதோ பாரமா தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செக்கப்ல ஃபேட்டி லிவர், லிவர்ல கொழுப்பு சேந்திருக்குன்னு வந்துச்சு, எல்லாருக்கும்தான் வருதுன்னு ரிப்போர்ட்ட மடிச்சு வெச்சுட்டார். தொடர்ந்து அதிகமா குடிக்கறவங்கள்ல 100க்கு 90 பேருக்கு இது வரும், அந்தக் கட்டத்துல குடிய விட்டா சில வாரத்துலயே கொழுப்பு குறைஞ்சிடும். விடாம குடிச்சா 10லேந்து 20 பேர் வரைக்கும் சிரோசிஸ்ல போய் நிக்கறாங்க. யாரு அந்த 20ன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

மார்ச் 5, புதன், நடுராத்திரி

கை நடுக்கம் நேத்தே ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கு சாயங்காலத்துலேந்து உடம்பெல்லாம் வேர்வை, நாடித்துடிப்பு ஏறிட்டே போகுது, பெட்ஷீட் மேல எறும்பு ஊருதுன்னு ஒண்ணொண்ணா பொறுக்கி கீழ போடறார். அங்க ஒண்ணுமே இல்ல. என்னைப் பாத்து நீ யாருன்னு கேட்டார்.

டியூட்டி டாக்டர் உக்காந்து விளக்கினாங்க. சாராயம் மூளைய அமுக்கி வெக்கும், அத ஈடுகட்ட மூளை வருஷக்கணக்கா வேகத்த கூட்டி வெச்சிருக்கும், அமுக்கறத திடீர்னு எடுத்துட்டா அந்த வேகம் மட்டும் தனியா நிக்கும். கடைசியா குடிச்சு 6 மணி நேரத்துலேந்து நடுக்கம் வரலாம், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுலேந்து நாலாவது நாளுக்குள்ள இந்த மாதிரி புத்தி தடுமாற்றம். கவனிக்காம விட்டா உயிரே போகும். மூளைய அமைதிப்படுத்தற லொராசெபாம் மருந்து போட்டிருக்காங்க, குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே தயமின் (பி1 வைட்டமின்) ஊசி, ஏன்னா குடிக்கறவங்க உடம்புல அது ரொம்ப கொறஞ்சு போயிருக்கலாம், அது இல்லாம குளுக்கோஸ் மட்டும் போனா மூளைக்கே கேடு.

தெனமும் நெறைய குடிக்கற ஒருத்தர ரூம்ல வெச்சு பூட்டி "இன்னையோட நிறுத்து"ன்னு சொல்ற வீடுங்க எத்தன இருக்கு. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நிறுத்துங்க.

மார்ச் 9, ஞாயிறு

தெளிஞ்சுட்டார். வயித்துலேந்து ஆறு லிட்டர் தண்ணி எடுத்தாங்க, கூடவே நரம்பு வழியா ஆல்புமின்ங்கற புரதம் ஏத்தினாங்க, அவ்ளோ தண்ணிய ஒரே நேரத்துல எடுத்தா ரத்த ஓட்டம் கொறஞ்சு கிட்னி அடி வாங்கும்னு.

ரத்த ரிப்போர்ட்ல கண்ண மஞ்சளாக்கற பிலிருபின் 9.4, ஆல்புமின் 2.3, ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு சொல்ற ஐஎன்ஆர் 1.9, ரத்தம் உறைய உதவற பிளேட்லெட் அணுக்கள் 70 ஆயிரம். ஒவ்வொண்ணும் என்னன்னு கேட்டு கேட்டு எழுதிக்கிட்டேன். ஒன்றரை கிலோ எடையுள்ள ஒரு உறுப்பு எத்தன வேலை பாக்குதுன்னு இந்த ஒரு தாளப் பாத்தாலே புரியுது. ரத்தக்குழாய்க்குள்ள தண்ணிய புடிச்சு வெக்கற ஆல்புமின லிவர்தான் தயாரிக்கணும், ரத்தத்த உறைய வெக்கற பொருளும் அதுதான் தயாரிக்கணும், அதனாலதான் ஊசி போட்ட இடமெல்லாம் இவருக்கு கன்னிப் போயிருக்கு. தழும்பேறின லிவர் வழியா ரத்தம் போக முடியாம பின்னாடி அழுத்தம் ஏறி மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்ட எல்லாம் அங்கயே புடிச்சு வெச்சுக்குது. லிவர் அடிபட்டா ரத்தத்துல ஏறற ரெண்டு என்சைம்ல, ஏஎஸ்டி, ஏஎல்டிய விட ரெண்டு மடங்குக்கு மேல. குடியால வந்த பாதிப்புக்கு அது ஒரு அடையாளமாம்.

மார்ச் 14, வெள்ளி

ரெண்டு நாளா பகல் பூரா தூங்கறார், ராத்திரி பூரா முழிச்சிருக்கார். ஆஸ்பத்திரி தூக்கம் அப்படித்தான்னு நாங்க நெனச்சோம், நர்ஸ்தான் உடனே டாக்டர கூப்பிட்டாங்க. ரெண்டு கையையும் நீட்டி மணிக்கட்ட மேல தூக்கிப் புடிங்கன்னார், கை தானா சரிஞ்சு விழுந்து விழுந்து எழுந்துச்சு. அப்புறம் ஒரு பேப்பர் குடுத்து நட்சத்திரம் வரையச் சொன்னார். எங்க வீட்ல எல்லார் நோட்டுலயும் படம் போட்டு குடுத்தது அண்ணன்தான். மூணு கோடு போட்டார், நாலாவத எங்க சேக்கறதுன்னு தெரியல, பேனாவ வெச்சுட்டு என்னையே பாத்துட்டு இருந்தார்.

குடல்ல உண்டாகற அம்மோனியாவ லிவர் யூரியாவா மாத்தி வெளிய அனுப்பணும், அது முடியாதப்ப மூளைக்குப் போயிடுது. மலச்சிக்கல், கிருமித் தொற்று, ரத்தக்கசிவு, தூக்க மாத்திரை, எதுவேணா இதக் கிளப்பி விடும். லாக்டுலோஸ் சிரப் குடுக்கறாங்க, தெனம் ரெண்டு மூணு தடவ இளக்கமா போகணும், அதுக்கேத்த மாதிரி அளவ கூட்டிக் கொறைக்கணும். குடல் கிருமிய கட்டுப்படுத்தற ரிஃபாக்சிமின் மாத்திரையும் உண்டு. இனிமே தெனமும் காலைல ஒரு நட்சத்திரம் வரைய வைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார், கோணலானா உடனே கூட்டிட்டு வரணும்.

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாச்சு. நட்சத்திரத்துக்கு அஞ்சு முனையும் வருது.

பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒரு மூலிகைப் பொடி சொல்றாங்க. எனக்கு இதுலதான் கோவம் வருது. சில மூலிகை மருந்து நல்லா இருக்கற லிவரயே கெடுக்கும், இவருக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம். வலி மாத்திரையும் கண்டபடி கூடாது, ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை கிட்னியப் பாதிக்கும், ரத்தக்கசிவும் வரும். புரதமே குடுக்காதீங்கன்னு இன்னொருத்தர். அது பழைய கதை. கிலோவுக்கு 1.2லேந்து 1.5 கிராம் புரதம் தெனம் வேணும்னு டயட்டீஷியன் எழுதியே குடுத்துட்டாங்க, இல்லன்னா உடம்பு தன்னோட தசையையே தின்னுடும். அதனாலதான் படுக்கப்போறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடணும், ராத்திரி நீளமா பட்டினி கெடக்கக் கூடாது. உப்பு மட்டும் ரொம்ப கொறைக்கணும்.

மார்ச் 30, ஞாயிறு

சொந்தக்காரர் ஒருத்தர் அண்ணி முன்னாடியே "மனக்கட்டுப்பாடு இல்லாதவன்"னு சொல்லிட்டுப் போனார். அண்ணி உள்ள போய் அழுதாங்க. மனநல டாக்டர் சொன்னது வேற, இது மூளையையே மாத்தி வெக்கற நோய், லிவர் டாக்டரும் மனநல டாக்டரும் சேந்து பாக்க வேண்டியது. குடிக்கணும்ங்கற ஏக்கத்தக் கொறைக்க பாக்லோஃபென் குடுத்திருக்காங்க, சிரோசிஸ் உள்ளவங்களுக்கும் குடுத்துப் பாத்த மருந்துங்கறதால. குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிராம் மாத்திரை இவருக்கு ஆகாது, அதுவே லிவரக் கெடுக்கும். வாரம் ஒரு கவுன்சிலிங், அண்ணியும் கூடப் போறாங்க.

2019ல மட்டும் மதுவால 26 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1988லயே புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு அத வகைப்படுத்தியாச்சு. இத்தன பேரும் மனக்கட்டுப்பாடு இல்லாதவங்கன்னு சொல்லிட்டு நகந்துட முடியுமா?

ஏப்ரல் 19, சனி

ரிவ்யூ. பிலிருபின் 3.1. எண்டோஸ்கோபில உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சிருந்தது தெரிஞ்சு பேண்ட் (இறுக்கிக் கட்டற ரப்பர் வளையம்) போட்டாங்க, வெடிச்சிருந்தா ரத்த வாந்தி எடுத்திருப்பார். ஆறு மாசத்துக்கு ஒருதடவ ஸ்கேன், புற்றுநோய் வருதான்னு பாக்க. குடிக்காம இருந்தா லிவர் இன்னும் தேறலாம், தேறலன்னா மாற்று அறுவை சிகிச்சை பத்தி பேசலாம்னார் டாக்டர்.

சாயங்காலம், முன்னாடி அண்ணன் கூட குடிச்சிட்டிருந்த ஃப்ரெண்ட் வந்தார். "நான் பீர் மட்டும்தான்பா"ன்னார். 330 மில்லி பீர்ல இருக்கற ஆல்கஹால் 13 கிராம், விஸ்கி, பிராந்தி மாதிரி ஹாட்ல 40 மில்லிலயும் கிட்டத்தட்ட அதேதான்டான்னு அண்ணனே கணக்கு சொன்னார். போன வருஷம் எல்எஃப்டி (லிவருக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல்னு வந்துச்சேன்னு அவர் கேட்டதுக்கு, சிரோசிஸ் இருந்தும் எல்எஃப்டி நார்மலா வரலாம், அதனால அல்ட்ராசவுண்டும், லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்கற ஃபைப்ரோஸ்கேனும் எடுத்துடுடா, எவ்ளோ குடிக்கறன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுன்னார். வியாழக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் குடுத்திருக்கேன், நானும் கூடப் போறேன்.